போர்டில் 80 எரிகிறது, பனியையே காணோம்!

கேள்வி: அபுதாபி முசஃபாவில் வேலை. விடிகாலையில் அடிக்கடி காரில் துபாய் போகிறேன். சில நாள் எலக்ட்ரானிக் போர்டில் திடீரென்று வேக வரம்பு 80 கிலோமீட்டர் என்று வரும். சுற்றிலும் பனியே இருக்காது. கம்பத்து போர்டிலோ பழைய பெரிய எண். பின்னால் வருகிறவர் லைட் அடிக்கிறார். எதைக் கேட்பது?

பதில்: 80-ஐத்தான். அது எரிகிறவரை கம்பத்து எண் செல்லாது. அபுதாபியில் 2018 ஆகஸ்டிலிருந்து போர்டு எண்ணுக்கு மேல் கொஞ்சம் போனால் விட்டுவிடும் கூடுதல் வேகச் சலுகை எதுவும் கிடையாது. பனிமூட்ட நேரத்து உத்தரவை மீறினால் 500 திர்ஹாம், லைசென்ஸில் 4 பிளாக் பாயிண்ட் (தண்டனைப் புள்ளி).

ஃபைன் கிடக்கட்டும். போர்டு சொல்வது இனி வரப்போகும் சாலையைப் பற்றி. அந்தக் கடலோரப் பக்கம் பனி திட்டுத் திட்டாகத்தான் இறங்கும். தெளிந்த வானத்திலிருந்து நேராகப் பனிச் சுவருக்குள் நுழைவீர்கள். 2008 மார்ச்சில் இதே அபுதாபி-துபாய் சாலையில் கந்தூத் அருகே ஏறக்குறைய 200 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியது அப்படிப்பட்ட ஒரு காலையில்தான்.

கணக்கைப் பாருங்கள். 140-ல் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 58 மீட்டர் போயிருப்பார். உலர்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் நூற்றுச் சொச்சம் மீட்டர். 80-ல் எல்லாம் சேர்த்தே 70 மீட்டருக்குள். பார்வைக்கு 100 மீட்டர்தான் தெரிகிறது என்றால் எவர் தப்புவார்?

எல்லோரும் ஒன்றாகக் குறைப்பதும் முக்கியம். லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் 1995-ல் மாறும் வேக போர்டுகள் வந்தன. ரோட்டில் பதித்த கம்பிச் சுருள்கள் நெரிசலை உணர, வரிசையின் வால் கண்ணில் படுமுன்பே பின்னால் வருபவர்களுக்கு வேகம் குறையும். (பனி கலைந்த பிறகும் 80-ஐ எரியவிட்டால் நாளைக்கு ஒருவரும் மதிக்க மாட்டார். இது கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கு.)

நீங்கள் செய்ய வேண்டியது: 80-ஐக் கண்டதும் பிரேக்கை அமுக்காதீர்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இடைவெளி பார்த்து, மெதுவாகப் போகிறவர்களுக்கான வலப்பக்க டிராக்குக்குப் போங்கள். லைட் அடிக்கிறவர் போகட்டும். பனிக்குள் லோ பீம் போதும், ஹை பீம் வெள்ளைத் திரையாகத் திரும்பி வரும். ஓடிக்கொண்டே ஹஸார்டு லைட் போடும் நம்மவர் பழக்கம் வேண்டவே வேண்டாம்: நீங்கள் டிராக் மாறுவது பின்னாலிருப்பவருக்குத் தெரியாது, அதற்கும் ஃபைன் உண்டு. ஓட்டவே முடியவில்லையென்றால் ரோட்டோரத்தில் நிறுத்தாமல் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்குக்குள் போய்விடுங்கள்.

ஒரு திட்டைக் கடந்து வெயில் வந்ததும் மிதிக்கத் தோன்றும். அடுத்த போர்டைப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.