அப்பா விட்டுப்போன பழைய காசு: ஹாபியா, லட்சமா?

கேள்வி: எனக்கு 58 வயது, ஊர் கரூர். ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், அடுத்த வருடம் ஓய்வு. டிவியையும் பேப்பரையும் தவிர எனக்குப் பொழுதுபோக்கு கிடையாது. “ஏதாவது ஹாபி பிடித்துக்கொள்ளுங்கள் அப்பா” என்கிறாள் மகள். அப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யூடியூபில் ஒவ்வொன்றும் லட்சம் என்கிறார்கள். நாணயம் சேர்ப்பது எனக்கு ஒத்துவருமா? சிலவற்றை விற்று அதையே முதலாகப் போடலாமா?

பதில்: ஒத்துவரும். கணக்கு எழுதிய கைக்கு இது நன்றாகவே வரும். ‘முதல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் திக்கென்றது.

டிவி பார்ப்பதில் தப்பில்லை, பொழுது போகும். ஆனால் ஹாபி என்றால் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தொடர ஏதாவது இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி இருக்குமா என்று பார்க்கப் பைசா செலவில்லை. சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சின்னச் சாய்சதுரம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு வாரம் மளிகைக் கடைச் சில்லறையை இப்படிப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். “2011இல் நட்சத்திரம் இருக்கிறது, புள்ளி கிடைக்கவில்லையே” என்று ராத்திரி தோன்றினால் உங்கள் ஹாபி இதுதான். தோன்றவில்லையா, விட்டுவிடுங்கள். பள்ளிக்கூட நாளில் யாரும் சொல்லாமலே எதை நோண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று யோசியுங்கள். ரேடியோவோ செடியோ சதுரங்கமோ, அதில் மறுபடி கை வைத்துப் பாருங்கள்.

இனி அந்த லட்சக் கதைக்கு வருவோம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012ஆம் ஆண்டு நாணயம், 786 என்று முடியும் நோட்டு. இந்த மூன்றையும் காட்டாத வீடியோ கிடையாது. நீங்கள் படம் அனுப்பினால் உடனே “எட்டு லட்சம் தருகிறோம்” என்பார்கள். அடுத்த நாள் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வரும், அனுமதிக் கட்டணம் இரண்டாயிரம் கட்டச் சொல்லி. அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் பணம் கொண்டுவரும் வண்டிக்கு டீசல். காசு கொடுத்து வாங்க வருகிறவன் உங்களிடம் எதற்குக் காசு கேட்கிறான்? இந்த வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கப்புறமும் வீடியோக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராமர், அனுமார் படத்தோடு 1616, 1818 என்று ஆண்டு போட்ட ‘கம்பெனிக் காசு’ம் இதே வகைதான். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, ரைஸ் புல்லிங் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பாட்டிலில் அநேகமாக ஓட்டைக் காலணா, நெளிநெளியான அலுமினியப் பத்துப் பைசா, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா இருக்கும். எல்லாமே கோடிக்கணக்கில் அடித்தவை. விற்றால் டீச்செலவுக்குத் தேறும், அவ்வளவுதான். விற்காதீர்கள், அதுதான் உங்கள் முதல் தொகுப்பு.

கரூர்க்காரர் என்பதால் ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்கிறேன். அமராவதி ஆற்றுப்படுகையில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த ஊர் உங்களுடையது. நீங்கள் காசு சேர்க்கிறீர்கள் என்று தெரிந்தால் பச்சை பிடித்த ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு யாராவது வருவார்கள். வாங்காதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது! அப்பா வைத்துவிட்டுப் போனதற்கு இந்தக் கவலை இல்லை. நூறு வருடம் தாண்டிய காசையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்குக் கூரியரில் ஒன்றே ஒன்று அனுப்பினாலும் குற்றம்தான். இன்னொன்று, ஆற்றில் எடுத்தது என்று வருவதில் வார்த்த போலிகளும் உண்டு. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் ஊற்றியது.

புது நாணயமாவது நேர்வழியில் கிடைக்கிறதா என்றால் அதுவும் சிரமம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று பொறித்து ஆயிரம் ரூபாய் நாணயம் போட்டார்கள். இந்த மாதிரி நாணயத்தின் படம் பேப்பரில் வரும், வங்கி கவுன்டரில் கேட்டால் விழிப்பார்கள். நாணயச்சாலையின் இணையதளத்தில் பதிவு செய்து காத்துக்கிடக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தரகர் கொழுக்கிறார். அவசரப்படாமல் நாணயச்சாலையிலேயே வாங்குங்கள்.

அப்பாவின் காசைப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளக்கும், மதிப்புப் போய்விடும். எடுக்கும்போது விளிம்பில் பிடியுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை ஆல்பத்தில் போட்டால் செம்பு பச்சை பிடித்துவிடும், நாணயம் வைக்கும் அட்டை ஹோல்டர் வாங்குங்கள். மகள் பரிசு தருவதாக இருந்தால் பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று போதும்.