ஆய்வுக் கட்டுரை நிதியாக மாறும் வழி: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: எங்கள் துறையில் பக்கத்துத் துறையைவிட அதிகக் கட்டுரைகள் வெளியாகின்றன. ஆனால் தேசிய மதிப்பீட்டில் அவர்களுக்கே கூடுதல் நிதி கிடைக்கிறது. காரணம் என்ன?

பதில்: உங்கள் நாட்டின் மதிப்பீடு கட்டுரைகளை எண்ணுகிறதா, படித்துத் தரம் போடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இந்த இரண்டும் முற்றிலும் வேறு வேறு கணக்குகள்.

தரம் போடும் முறைக்கு பிரிட்டன் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1986-இல் தொடங்கிய மதிப்பீடு இப்போது ‘ரெஃப்’ என்ற பெயரில் நடக்கிறது. 2021 சுற்றில் வெளியீடுகளுக்கு 60 சதவீதம், சமூகத்தில் ஏற்பட்ட விளைவுக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15 என மதிப்பெண் பிரிக்கப்பட்டது. ஒரு துறை தன் எல்லாக் கட்டுரைகளையும் அனுப்ப முடியாது. முழுநேர ஆய்வாளர் ஒருவருக்குச் சராசரியாக 2.5 வெளியீடுகள்தான் கணக்கு. ஒருவர் பெயரில் குறைந்தது 1, அதிகபட்சம் 5. வல்லுநர் குழு அவற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை நட்சத்திரம் இடுகிறது.

இங்கிலாந்தில் பணம் பிரியும்போது ஒரு நான்கு நட்சத்திர வெளியீட்டின் எடை, மூன்று நட்சத்திர வெளியீட்டைப் போல நான்கு மடங்கு. இரண்டு நட்சத்திரத்துக்கும் அதற்குக் கீழும் பூஜ்யம். பத்துக் கட்டுரைகள் அனுப்பிய ஒரு துறைக்கு அத்தனையும் மூன்று நட்சத்திரம் என்றால் எடை 10. இன்னொரு துறையின் பத்தில் நான்கு மட்டும் நான்கு நட்சத்திரம், மீதி ஆறும் இரண்டு நட்சத்திரம் என்றால் எடை 16. பாதிக்கு மேல் வீணாகியும் இரண்டாவது துறையே முந்துகிறது. உங்கள் பக்கத்துத் துறையின் கதையும் இதுவாக இருக்கலாம்.

கேள்வி: எண்ணும் முறையில் கூட்டாசிரியர் கட்டுரைக்கு எவ்வளவு புள்ளி கிடைக்கும்?

பதில்: நார்வே 2004 வாக்கில் வகுத்த முறையை வைத்துக் கணக்குப் போடுவோம். அங்கே ஆய்விதழ்கள் இரண்டு நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாடத்துறையின் மொத்த வெளியீடுகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே மேல்நிலை இதழ்களுக்கு உரியது. முதல் நிலைக் கட்டுரைக்கு 1 புள்ளி, மேல்நிலைக் கட்டுரைக்கு 3. நால்வர் எழுதியதில் ஒருவர் உங்கள் பல்கலைக்கழகத்தவர் என்றால், தொடக்க கால விதிப்படி அதில் கால் பங்குதான் உங்களுக்கு. இது கூட்டாய்வைத் தண்டிக்கிறது என்ற குறை எழுந்ததால் பின்னர் பங்கின் வர்க்கமூலத்தை எடுத்தார்கள். கால் பங்கு அரையாகும். மேல்நிலை இதழ் என்றால் 1.5 புள்ளி, வெளிநாட்டுக் கூட்டாசிரியர் இருந்தால் 1.3-ஆல் பெருக்கி 1.95.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பிரிக்கப்படும் தொகை மாறாது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடுதலாக எழுதினால் ஒரு புள்ளியின் பணமதிப்பு இறங்கும். நார்வேயில் அந்தப் புள்ளிகள் மொத்த மானியத்தில் சுமார் 2 சதவீதத்தை மட்டுமே நகர்த்தின. தேசிய அளவில் நிறுவனங்களை அளக்கச் செய்த கோலை எடுத்துத் தனி ஆசிரியரின் பதவி உயர்வை அளப்பது தவறு. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்ட கோல் அல்ல.

கேள்வி: ஒரே ஆய்வை மூன்று சிறு கட்டுரைகளாக்கினால் லாபம்தானே?

பதில்: எண்ணும் முறையில் முதல் சில ஆண்டுகள் லாபம்போலத் தெரியும். 1990-களில் ஆஸ்திரேலியா வெளியீட்டு எண்ணிக்கையை நிதிச் சூத்திரத்தில் சேர்த்தது. கட்டுரைகள் பெருகின, ஆனால் வளர்ச்சியில் பெரும்பகுதி பிற ஆய்வுகள் குறைவாக மேற்கோள் காட்டும் இதழ்களில் என்று ஆய்வாளர் லிண்டா பட்லர் காட்டினார். அந்த முடிவைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள், விவாதம் தீர்ந்துவிடவில்லை. சீனாவில் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுக்கும் வழக்கம் எல்லை மீறியதால், 2020-இல் அரசே அதற்குத் தடை போட்டது.

தரம் பார்க்கும் முறையிலோ துண்டாக்குவது நேரடி நஷ்டம். மூன்று துண்டுகளும் இரண்டு நட்சத்திரத்தில் நின்றுவிட்டால் கிடைப்பது ஒன்றுமில்லை. முழு ஆய்வாக வந்திருந்தால் அதுவே நான்கைத் தொட்டிருக்கலாம்.

கேள்வி: இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் உயர்ந்திருந்தால் போதுமா?

பதில்: போதாது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. நாலைந்து கட்டுரைகளே பெரும்பகுதி மேற்கோள்களை வாங்கியிருக்கலாம்; உங்கள் கட்டுரையைப் பற்றி அந்தச் சராசரி எதுவும் சொல்லாது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் இதனால்தான் அதைத் தனிக் கட்டுரைக்கோ தனி மனிதருக்கோ அளவுகோலாக்க வேண்டாம் என்றது. ரெஃப் குழுக்களும் அதைப் பார்ப்பதில்லை.

கேள்வி: வெளியான கட்டுரை எங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் வரவேயில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் முகவரி வரியில்தான். ஒரே நிறுவனத்தின் பெயரைச் சுருக்கியும், வரிசை மாற்றியும், துறைப் பெயரை மட்டும் போட்டும் எழுதினால் தரவுத்தளம் அவற்றை வேறு வேறு நிறுவனங்களாகப் பிரித்துவிடும். பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாக அறிவித்த வடிவத்தை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணைக் கட்டுரை அனுப்பும்போதே இணையுங்கள். அச்சுப்படி திருத்தத்துக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியதும் முகவரிதான். வெளியான பிறகு மாற்றுவதற்குத் திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டி வரும், அதற்குள் மதிப்பீட்டின் கெடுநாள் கடந்துவிடலாம்.

இதழ் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலையும் இறுதிக் கையெழுத்துப் படியையும் பத்திரமாக வையுங்கள். 2021 ரெஃப் சுற்றில், ஏற்கப்பட்ட 3 மாதங்களுக்குள் அந்தப் படியைத் திறந்த இணையக் களஞ்சியத்தில் சேர்ப்பது இதழ்க் கட்டுரைகளுக்கு நிபந்தனையாக இருந்தது. இதழ் அச்சிட்டுத் தரும் பிடிஎஃப் கோப்பை அதற்குப் பதிலாக ஏற்றப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஆசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் கட்டுரை யாருக்கு?

பதில்: விதியைப் பொறுத்தது. 2014 ரெஃப் சுற்றில் கட்டுரை ஆசிரியரோடு போனது; அதனால் கெடு நெருங்கும் நேரத்தில் ஆள் பிடிக்கும் போட்டி நடந்தது. 2021-இல் பழைய நிறுவனமும், தன்னிடம் பணியாற்றியபோது வெளியானவற்றைச் சமர்ப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். எண்ணும் முறைகளிலோ பொதுவாகக் கட்டுரையில் அச்சான முகவரிக்கே புள்ளி.