கூச்சத்துக்கு எம்.பி.ஏ. மருந்தல்ல

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. முடித்த மகள் பாரம்பரிய நெல்லில் அவல் தயாரித்து விற்க விரும்புகிறாராம்; 'நாலு பேரிடம் வாய் திறக்காத பெண்ணுக்கு வியாபாரமா? எம்.பி.ஏ. சேர்த்துவிடுங்கள், பேச்சு தானாக வரும்' என்கிறாராம் மைத்துனர்.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. மைத்துனரின் யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. கூச்சம் போக இரண்டு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் செலவிட்டு, பிறகு கல்விக்கடன் தவணைக்காக விருப்பமில்லாத வேலையில் மகளை உட்காரவைப்பது வீண்.

நீங்கள் அனுப்பிய மாப்பிள்ளைச் சம்பா அவல் பொட்டலத்துக்குள் மகள் கைப்பட எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது: 'இம்முறை அவல் சற்றுத் தடித்துவிட்டது, பத்து நிமிடம் கூடுதலாக ஊறவையுங்கள்.' விற்பனைப் பயிற்சி பெற்றவர் யாரும் இதை எழுதியிருக்க மாட்டார். பாரம்பரிய நெல் என்ற பெயரில் எதை எதையோ விற்கும் சந்தையில், எந்த வயல், எந்த அறுவடை, என்றைக்கு இடித்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்பவரிடம்தான் வாங்கியவர் மறுபடி வருவார். ஆனால் விலையைத் தயங்காமல் சொல்லவும் பாக்கியைக் கேட்டு வாங்கவும் மகள் பழகியாக வேண்டும். அதற்குக் கூச்சம் சாக்காகக் கூடாது.

உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில், தஞ்சாவூரில், 'நிஃப்டெம்' எனப்படும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது அது. டெல்டாக்காரர்களே அதை மறந்திருப்பது வேடிக்கைதான். அங்குள்ள தொழில் ஊக்குவிப்பு மையத்தில் குறுகிய காலப் பயிற்சி பெறலாம். கட்டணம் கட்டி இயந்திரங்களைப் பயன்படுத்திச் சிறிய அளவில் தயாரித்துப் பார்க்கலாம். ஈரப்பதம் எவ்வளவு, எத்தனை நாள் கெடாது என்று பரிசோதித்த பின் உறையில் அச்சிடலாம். கூட்டத்தில் பேசத் தயங்குகிறவருக்கு ஆய்வக அறிக்கை பெரிய துணை.

செலவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நகையை அடகு வைக்காதீர்கள். வங்கிக் கடனோடு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், தொழிலுக்கான மொத்தச் செலவில் கிராமப்புறப் பெண்ணுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் 35 சதவீதம். விண்ணப்பிக்க மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது, வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து பிறகே கடனில் கழியும் என்பதால், அதை நம்பி வேறு செலவுக்குத் திட்டமிடாதீர்கள். புதிய தொழிலுக்குத்தான் இந்த உதவி. அவசரப்பட்டு இயந்திரத்தை முதலில் வாங்கி ஓட்டத் தொடங்கினால் விண்ணப்பமே தள்ளுபடியாகக்கூடும்.