ஐஸ் ரூமில் வழுக்கினால் சொக்சோ கிடைக்காதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் உறைந்த கோழி வைக்கும் ஐஸ் ரூமில் வேலை செய்கிறேன். கதவோரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மூன்று வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்பு). "எஸ்.ஆர்.சி. முத்திரை உள்ள வழுக்காத பூட்ஸ் கொடுத்தோம். நீ பார்த்து நடக்கவில்லை, சொக்சோ கிடைக்காது" என்கிறார் மேனேஜர். பூட்ஸுக்கு 120 ரிங்கிட் சம்பளத்தில் பிடித்தார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, மேனேஜர் சொல்வது தவறு. வேலை செய்யும்போது, வேலையால் வந்த காயமா என்றுதான் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பார்க்கும். கவனக்குறைவு கணக்கில் வராது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது முதலாளி. அவர் இழுத்தடித்தால் எம்.சி.யோடு நீங்களே ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். எம்.சி. 4 நாளுக்குக் குறையாததால், சராசரி தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு உண்டு. "என் தவறுதான்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கு? 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இந்தக் காயத்துக்காக முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது.

ஆனால் அந்த முத்திரையைச் சும்மா விடாதீர்கள். எஸ்.ஆர்.சி. என்றால் சோப்புநீர் ஊற்றிய செராமிக் ஓட்டிலும் கிளிசரின் பூசிய இரும்புத் தளத்திலும் சோதித்த பூட்ஸ். ஐஸ் அந்தச் சோதனையிலேயே இல்லை! ஐஸில் சோதிப்பது கனடாவில், டொரோண்டோ மறுவாழ்வு ஆய்வுக்கழகத்தில். ஐஸ் தளத்தில் ஆளை நடக்கவிட்டு, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 7 டிகிரி தாங்கினால்தான் தேர்ச்சி. 2016இல் வெளியிட்ட முடிவில், 98 வகைக் குளிர்காலச் சப்பாத்துகளில் பத்துக்கு ஒன்பது தேறவில்லை. அவர்கள் ஈரமில்லாத ஐஸில் மட்டுமல்ல, உருகும் ஐஸிலும் சோதிக்கிறார்கள். உங்கள் கதவோரத்தில் இருப்பது அதுதான்: கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர் ஈரக்காற்று நுழைந்து தரையில் படிந்து உறையும், கதவு திறந்தே கிடந்தால் மேல்பக்கம் இளகும். வழுக்காமல் என்ன செய்யும்?

இந்த ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது; பணியாளரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.யில் புகார் கொடுங்கள். பாதுகாப்புக்காகத் தருவதற்குப் பணியாளரிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஆகவே 120 ரிங்கிட்டையும் திருப்பிக் கேளுங்கள். சம்பளச் சீட்டை வைத்திருங்கள்.

ஐஸைச் சுரண்டி எடுப்பதற்குள், கூட வேலை செய்பவரிடம் சொல்லிக் கதவோரத்தைப் படம் எடுத்து வாங்குங்கள். பூட்ஸைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பணம் திரும்பி வரும்வரை அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே!