விடுமுறை வீடு வாடகைக்கு விடுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கே: அக்கா, மாடியை விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?

ப: ஒன்றும் வாங்காதீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ராத்திரி நீங்களே அங்கே தங்குங்கள். போன் சார்ஜ் போட கட்டில் பக்கத்தில் பிளக் இருக்காது, ஈரத்துண்டு மாட்ட கொக்கி இருக்காது, இருட்டில் பாத்ரூம் சுவிட்சைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். பகலில் நின்று பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. எனக்கு முதல் வருஷம் வந்த குறைகளில் பாதி, தலைமாட்டில் விளக்கு இல்லாததால் வந்தவை.

கே: ஒரு கட்டிலுக்கு எத்தனை விரிப்பு?

ப: மூன்று செட். கட்டிலில் ஒன்று, துவைக்கப் போனது ஒன்று, அலமாரியில் ஒன்று. எல்லாம் வெள்ளை. கறை தெரியுமே என்பீர்கள். தெரியட்டும், அதற்குத்தான் வெள்ளை. பிளீச்சும் போடலாம். ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியோடு தங்கிவிடும். மை, லிப்ஸ்டிக் துடைக்கக் கறுப்புத் துண்டு ஒன்றைத் தனியாக வையுங்கள்.

கே: ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கலாம்?

ப: பக்கத்தில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள்.

கே: ஹாலில் கேமரா வைக்கலாமா? பாதுகாப்புக்குத்தான்.

ப: கூடாது. வீடு வாடகைக்கு விடும் வலைத்தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவையே தடை செய்துவிட்டது. வாசலில் வைத்தால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கே: கிளம்பும்போது விரிப்பைக் கழற்றி, பாத்திரம் கழுவி வைக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கிறேன். சுத்தம் செய்யத் தனிக் கட்டணமும் வாங்குகிறேன். ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டார். நியாயமா?

ப: நியாயம்தான். காசும் வாங்கிக்கொண்டு வேலையும் வாங்கினால் யாருக்குத்தான் எரியாது?

கே: ஆள் வைத்திருப்பவர்கள் அப்படிப் பேசலாம் அக்கா. நான் ஒண்டியாள். 11 மணிக்கு ஒருவர் போகிறார், 2 மணிக்கு அடுத்தவர் வருகிறார்.

ப: நானும் ஒண்டியாளாகத்தான் ஆரம்பித்தேன். விரிப்பைக் கழற்ற இரண்டு நிமிஷம் ஆகுமா? அதை நீங்களே கழற்றுங்கள், காரணம் இருக்கிறது. கழற்றும்போது மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள். பேனா மை குத்தியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். விருந்தினர் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் குவித்துவிட்டால் எந்தக் கட்டிலில் இருந்தது என்றே தெரியாது. ஈரத்துண்டும் அதே குவியலில் கிடந்து நாறும்.

கே: கட்டணத்தை வாடகையிலேயே சேர்த்துவிட்டால் சண்டையே இல்லையே?

ப: ஏழு ராத்திரி தங்குபவர் ஏழு தடவை சுத்தம் செய்ததற்குக் கொடுப்பார், நீங்கள் செய்வது ஒரு தடவை. அது அடுத்த சண்டை. சரி, இதோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கே: இரண்டு புக்கிங் வலைத்தளங்களின் காலண்டரையும் இணைத்திருந்தும் ஒரே நாளுக்கு இரண்டு புக்கிங் வந்துவிட்டது.

ப: அந்த இணைப்பு உடனுக்குடன் நடக்காது, இடைவெளி விட்டுத்தான் புதுப்பிக்கும். ஒன்றில் புக்கிங் வந்ததுமே மற்றதில் கையால் அடைத்துவிடுங்கள்.

கே: பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறது. பரவாயில்லையா?

ப: குளிக்கும் அறைக்குள் வேண்டாம், வெளியே மாற்றுங்கள். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. அதற்கான அலாரமும் மாட்டுங்கள். அப்புறம், வீட்டுக் காப்பீடு வாடகை விருந்தினருக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

கே: எங்கள் வீடு இரண்டு படுக்கையறை. எவ்வளவு வாங்கலாம்?

ப: மேலே பாருங்கள். ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தீர்களா?

கே: அக்கா, நான் நேற்று படுத்துப் பார்த்தேன். ஃபேனை மூன்றில் வைத்தால் டக் டக் என்கிறது. தூக்கமே இல்லை.

ப: இறக்கைத் திருகை இறுக்குங்கள். இன்று அடுத்த அறையில் படுங்கள்.