ஒரு லட்சத்துக்கு 60 டாலர் என்றால் எனக்கு எவ்வளவு?

கேள்வி: கலிபோர்னியாவின் பே ஏரியாவில் மூன்று வருடம் முன்பு 12 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். போன வருடம்தான் நான் சிட்டிசன் ஆனேன், கணவர் இன்னும் கிரீன் கார்டில் இருக்கிறார். தபாலில் வந்திருக்கும் பேலட்டில் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கென்றே இரண்டு மெஷர் (எஸ், நோ என்று ஓட்டுப் போட வேண்டிய உள்ளூர்த் தீர்மானங்கள்) இருக்கின்றன. ஒன்று பாண்டு, ஜெயிக்க 55 சதவீதம் வேண்டுமாம். இன்னொன்று பார்சல் டேக்ஸ், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். ஏற்கெனவே ப்ராபர்ட்டி டேக்ஸ் கட்டி மாளவில்லை, மகளும் இரண்டு வருடத்தில் ஹைஸ்கூல் முடித்துவிடுவாள். "வாடகைக்கு இருக்கிறவன் ஓட்டுப் போடுகிறான், கட்டுவது நாம்" என்கிறார் கணவர். எஸ் போடுவதா, நோ போடுவதா?

பதில்: இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாண்டு என்பது டிஸ்ட்ரிக்ட் வாங்கி நம் சொத்து வரியில் அடைக்கும் கடன், அது கட்டடத்துக்கு. பார்சல் டேக்ஸ் என்பது மனைக்கு இத்தனை என்று போடும் தனி வரி, அது பெரும்பாலும் ஆட்களுக்கு. பாண்டு பணத்தில் ஆசிரியர் சம்பளமோ அலுவலகச் செலவோ கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கூரை, கழிவறை, ஆய்வகம், ஹீட்டிங், புது வகுப்பறை, அவற்றுக்குத் தேவையான சாமான்கள், அவ்வளவுதான். பார்சல் டேக்ஸில் வருவது வருடாவருடம் செலவாகிற பணம்: நூலகர், கவுன்சிலர், இசை வகுப்பு, வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஆகவே "ஆசிரியர்களுக்குச் சம்பளம் உயரட்டும்" என்று நினைத்துப் பாண்டுக்கு எஸ் போட்டால் அந்தப் பணம் அங்கே போகாது. "சம்பளத்திலேயே எல்லாம் கரைகிறது" என்ற கோபத்தில் பாண்டுக்கு நோ போடுவதிலும் அதே அளவுதான் அர்த்தம்.

இந்த 55 சதவீதக் கதை 1978-இல் தொடங்குகிறது. அந்த வருடம் மாநில வாக்கெடுப்பில் வந்த ப்ராபொசிஷன் 13 சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது, விற்காதவரை மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. அந்த 1 சதவீதத்துக்கு மேல் வரி போட்டுப் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்குவதென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை என்ற நிலை. நல்ல பாண்டுகள்கூட 60, 62 சதவீதம் வாங்கியும் தோற்றுக்கொண்டிருந்தன. 2000-இல் ப்ராபொசிஷன் 39 அந்த வாசலை 55 சதவீதமாகக் குறைத்தது, பதிலுக்குச் சில கடிவாளங்களும் போட்டது: எந்தெந்த வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும், வருடாவருடம் தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு, அப்புறம் வரிக்கு ஓர் உச்சவரம்பு. யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட் (எலிமென்டரியும் ஹைஸ்கூலும் ஒன்றாக இருப்பது) என்றால் அசெஸ்டு வேல்யூவில், அதாவது வரிக்காகக் கவுண்டி கணக்கில் இருக்கும் மதிப்பில், ஒரு லட்சம் டாலருக்கு 60 டாலர், தனி எலிமென்டரி அல்லது தனி ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் 30, கம்யூனிட்டி காலேஜுக்கு 25. பார்சல் டேக்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, அது இன்னும் மூன்றில் இரண்டு பங்கிலேயே நிற்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. பேலட்டில் 60 என்று இருந்தால், உங்கள் அசெஸ்டு வேல்யூ இப்போது சுமார் 12.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 750 டாலர். ஸில்லோ இணையதளம் காட்டுகிற சந்தை விலையை வைத்துப் பெருக்கிப் பயந்துபோகாதீர்கள், கவுண்டி அனுப்பும் வரி பில்லில் இருக்கும் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 1995-இல் இரண்டரை லட்சத்துக்கு வாங்கி இன்றுவரை அங்கேயே இருக்கிறார் என்றால் அவருடைய அசெஸ்டு வேல்யூ இன்று நாலரை லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும், அவருக்கு இதே பாண்டு 270 டாலர்தான். வீடு ஒன்றுபோலத்தான், பள்ளியும் ஒன்றுதான், ஆனால் நீங்கள் கட்டுவது அவர் கட்டுவதைப்போல இரண்டேமுக்கால் மடங்கு. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அது ப்ராபொசிஷன் 13-இன் கைங்கரியம், உங்கள் டிஸ்ட்ரிக்ட் செய்தது இல்லை. பார்சல் டேக்ஸ் இதற்கு நேர்மாறு: அதில் சொத்தின் மதிப்பைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் ஒரு மனைக்கு வருடம் இத்தனை டாலர் என்று எல்லோருக்கும் ஒரே தொகை. புதிதாக வாங்கியவர் என்ற முறையில் உங்களுக்கு அது சாதகம், சின்ன வீட்டில் இருப்பவருக்குத்தான் வலி. 65 வயது தாண்டியவர்களுக்கு நிறைய இடங்களில் விலக்கு உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

அந்த 60 டாலரைப் பற்றி இரண்டு விஷயங்களைப் பிரசார நோட்டீஸில் யாரும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ஒன்று, அது ஒவ்வொரு தேர்தலுக்குமான வரம்பு, மொத்த வரம்பு இல்லை. பழைய பாண்டுகள் அடைபடாமல் இருந்தால் புதியது அதன் மேல் ஏறும். உங்கள் வரி பில்லில் பழைய பாண்டுகளுக்கான வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டு, அது மதிப்பீடு. கடன்பத்திரம் வெளியிடும்போது வரம்புக்குள் வரும் என்று கணக்குக் காட்டினால் போதும், பிறகு வீட்டு மதிப்புகள் சரிந்தால் கடனை அடைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவையும் கவுண்டி வசூலித்தே ஆக வேண்டும், அந்த உறுதிமொழி இருப்பதால்தான் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்குக் கொடுக்கிறார்கள் (அந்த வட்டிக்கு ஃபெடரல் வரி இல்லை என்பதும் இன்னொரு காரணம்). "வரி விகிதம் உயராது" என்று வந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய பாண்டு அடைபடும் நேரத்தில் புதியதைப் போட்டால் விகிதம் உயராததுபோலத்தான் தெரியும், ஆனால் நோ ஜெயித்தால் உங்கள் பில் குறைந்திருக்கும் என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை.

நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, கவுண்டி அனுப்பும் வாக்காளர் தகவல் புத்தகத்தில் 'டேக்ஸ் ரேட் ஸ்டேட்மென்ட்' என்ற பக்கத்தைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் புத்தகம் முழுவதிலும் படிக்க வேண்டிய ஒரே பக்கம் அதுதான். வட்டியும் அசலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்ற எண் அதில் இருக்கும். அதைப் பாண்டுத் தொகையால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கடன் மாதிரிதான், முப்பது வருடக் கடனில் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்தால் பதற வேண்டியதில்லை. மூன்றைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். சான் டியேகோ பக்கம் போவே யூனிஃபைட் 2011-இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது, முதல் இருபது வருடம் ஒரு காசு கட்ட வேண்டாம் என்ற ஏற்பாட்டில். திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 98 கோடி. அன்று மழலையர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பெரியவர்களாகி வீடு வாங்கி அந்தக் கடனைக் கட்டுவார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு 2013-இல் சட்டம் வந்தது, இப்போது திருப்பிக் கட்டுவது அசலைப்போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. நான்கு மடங்கே எனக்கு அதிகம்.

அடுத்தது வேலைப் பட்டியல். "21-ஆம் நூற்றாண்டுக் கற்றல் சூழல்" என்கிற மாதிரி வாசகங்களைத் தாண்டிப் போங்கள். எந்தப் பள்ளி, என்ன வேலை என்று பெயரோடு இருக்கிறதா, அல்லது எல்லாப் பள்ளிக்கும் எல்லா வேலையும் என்று ஒரே பத்தியில் அள்ளித் தெளித்திருக்கிறார்களா? இரண்டாவது ரகத்தில், பணம் வந்த பிறகு எதைச் செய்வது என்பது நிர்வாகக் குழுவின் கையில் போய்விடும். நான் ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் மேற்பார்வைக் குழுவில் இருந்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்துதான் இது உறைத்தது. குழுவில் குறைந்தது ஏழு பேர், சம்பளம் இல்லை, டிஸ்ட்ரிக்ட் ஊழியரும் கான்ட்ராக்டரும் வரக் கூடாது, எல்லாம் சரி. ஆனால் பட்டியலில் இருக்கிற வேலைக்குத்தான் பணம் போனதா என்று பார்க்கத்தான் எங்களுக்கு அதிகாரம், எந்த வேலை முதலில் என்று சொல்ல முடியாது. பட்டியல் தளர்வாக இருந்தால் குழுவால் ஒன்றும் பிடிக்க முடியாது. லேப்டாப்பும் டேப்லெட்டும் பட்டியலில் இருந்தால், அவற்றுக்கான கடன் நான்கைந்து வருடத்தில் அடைபடுகிறதா என்று டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். குப்பைக்குப் போன லேப்டாப்புக்கு இருபத்தைந்து வருடம் வட்டி கட்டுவதைப்போல எரிச்சல் வேறு இல்லை. இன்னொன்று, மாநிலத்தின் பங்கு. 2024 நவம்பரில் ஜெயித்த ப்ராபொசிஷன் 2 வழியாகப் பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் 1,000 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் பொதுவாக டிஸ்ட்ரிக்ட் தன் பங்கைப் போட்டால்தான் மாநிலம் தன் பங்கைப் போடும். உள்ளூரில் பாண்டு தோற்றால் அந்தப் பணம் பாண்டு ஜெயித்த ஊருக்குப் போகும். "நோ போட்டால் மாநிலம் பார்த்துக்கொள்ளும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்தேன், மாநிலம் பார்த்துக்கொள்ளாது.

உங்கள் மகள் விஷயம். நேர்மையாகச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது, தேர்தல் முடிந்து டிசைன், ஒப்புதல், டெண்டர் என்று போய் மண் தோண்டவே இரண்டு வருடம் ஆகிவிடும். கிடைக்கக்கூடியது உங்கள் வீட்டுக்குத்தான். கலிபோர்னியாவில் நூலிழையில் ஜெயித்த பாண்டுகளையும் நூலிழையில் தோற்றவற்றையும் ஒப்பிட்டு 2010-இல் பொருளாதார ஆய்வு ஒன்று வந்தது, ஜெயித்த இடங்களில் வீட்டு விலை ஏறியிருந்தது, கூடுதல் வரியைக் கணக்கில் எடுத்த பிறகும். மதிப்பெண் உயர்ந்ததா என்றால் அவ்வளவு தெளிவான விடை அதில் இல்லை. பத்து வருடத்தில் விற்றுவிட்டுப் போகப்போகிறவர்களும் இதை யோசிக்கலாம்.

கணவரின் வாதத்துக்கு வருகிறேன். சொத்து வரி கட்டாதவருக்கு ஓட்டு வேண்டாம் என்கிற மாதிரி சொல்லிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். சொத்து வைத்திருப்பவரும் அதை வாடகைக்கு எடுத்திருப்பவரும் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோரும் மட்டும்தான் பள்ளித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று நியூயார்க்கில் சட்டமே இருந்தது, பெற்றோர் வீட்டில் இருந்த கல்யாணமாகாத ஒருவர் வழக்குப் போட்டு 1969-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அடுத்த வருடம் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வழக்கில் பாண்டு தேர்தலுக்கும் அதே தீர்ப்பு வந்தது, சொத்து வரி கடைசியில் வாடகையில் வந்து விழத்தான் செய்கிறது என்பதும் அதில் ஒரு காரணம். கணவருக்குக் கோபம் இருக்கட்டும், ஆனால் அவர் கையெழுத்து எந்த வாக்காளர் படிவத்திலும் விழ வேண்டாம். வரி கட்டுவதால் ஓட்டு வந்துவிடாது, கிரீன் கார்டில் இருப்பவர் தெரியாமல் பதிவு செய்தால்கூட நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும், ஓட்டே போட்டுவிட்டால் நாடு கடத்துகிற அளவுக்குப் போகலாம். டிஎம்வியில் (ஓட்டுநர் உரிம அலுவலகத்தில்) நீட்டுகிற படிவத்தைப் படிக்காமல் டிக் அடிப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

சரி, நான் எப்படிப் போடுவேன்? மொத்தம் திருப்பிக் கட்டுவது இரண்டேகால் மடங்குக்குள், பட்டியலில் பள்ளிப் பெயரோடு கூரையும் ஹீட்டிங்கும் வகுப்பறையும் இருக்கிறது என்றால் பாண்டுக்கு எஸ். பட்டியல் தளர்வாக இருந்தால் நோ போட்டு, ஒழுங்காக எழுதிக்கொண்டு அடுத்த தேர்தலில் வாருங்கள் என்பேன், அவர்கள் வருவார்கள். பார்சல் டேக்ஸில் முடிவுத் தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். தேதி இருந்து, தொகை வருடம் இருநூறு டாலருக்குள் இருந்தால் அதிகம் யோசிக்க மாட்டேன். பேலட்டில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒன்றை விட்டுவிட்டால் மற்ற ஓட்டுகள் செல்லாமல் போகாது. உறையின் பின்பக்கம் கையெழுத்தையும் தேதியையும் போட மறக்காதீர்கள். நவம்பரில் ஜெயித்தால் அந்த வரி உடனே வராது, அடுத்த அக்டோபரில் கவுண்டி அனுப்பும் பில்லில்தான் சேரும், எஸ்க்ரோவில் (வரியையும் வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்து) கட்டுகிறவர் என்றால் அதற்குப் பிறகு மாதத் தவணை கொஞ்சம் ஏறும்.