தேசிய சேவையும் சமய வகுப்பும் ஒன்றல்ல

அண்ணா, சிங்கப்பூரில் வளரும் 16 வயது மகனைத் தேசிய சேவைக்கு (இளைஞர்களுக்கான கட்டாய ராணுவ, காவல் பணிக்கு) முன்னால் ஊருக்கு அனுப்பிவிடலாமா, அதுவரை ஞாயிறு சமய வகுப்புக்காவது கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தேசிய சேவை சிங்கப்பூரில் 1967 முதல் சட்டம். உங்கள் வழியாக நிரந்தரவாசியான பையன் பதினாறரை வயதில் பதிந்தாக வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும், அதனால் அவனை உட்காரவைத்துப் பேசாமல் முடிவெடுக்கவே எடுக்காதீர்கள்.

சமய வகுப்பு அப்படியில்லை. 1984இல் அரசே உயர்நிலைப் பள்ளிகளில் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கி, இந்து சமயம், பைபிள், கன்ஃபூசிய நெறி என்று பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, 1989இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தது. வற்புறுத்தினால் தேவாரம் மனப்பாடமாகும், அவ்வளவுதான். அவனுக்கே பிடித்தால் போகட்டும்.